கம்போடியாவில் பிள்ளைகள் ஊழியம்: 14 வாலிபர், 6 நாள். திட்டத்தில் எதைத் திருத்த வேண்டும்?

புதன்மாலை ஜெபம் எழுதியது:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சிங்கப்பூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து வாலிபர் 14 பேர் டிசம்பர் இரண்டாம் வாரம் கம்போடியா போகிறோம். கொம்போங் தோம் மாகாணத்தில் ஒரு கிராமச் சபை எங்களை அழைத்திருக்கிறது. குழுவில் எல்லோரும் 17 முதல் 24 வயதுக்குள். மூன்று பேருக்கு இன்னும் 18 ஆகவில்லை. 5 முதல் 12 வயது வரை சுமார் 80 பிள்ளைகள் வருவார்கள் என்று அங்குள்ள பாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

இப்போது போட்டிருக்கும் திட்டம் இது. ஞாயிறு போய்ச் சேருகிறோம். திங்கள் முதல் வியாழன் வரை காலை 9 முதல் 12 வரை விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி: பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு. ஒரு நாள் மதியம் பக்கத்து டவுனில் உள்ள அநாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருப்பது. ஒரு நாள் மாலை வீடு வீடாக அரிசியும் எண்ணெயும் கொடுத்து ஜெபிப்பது. கடைசி நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டு, பென்சில், மிட்டாய், டிஷர்ட் வைத்த பை. வெள்ளி திரும்புகிறோம்.

விமான டிக்கெட் எடுத்தாயிற்று. மற்றதெல்லாம் மாற்றலாம், இன்னும் 10 வாரம் இருக்கிறது. இந்த ஊழியம் தெரிந்தவர்கள் பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

---

ஆலமர நிழல் எழுதியது:

சிஸ்டர், முதலில் அந்த 9 முதல் 12 மணியைப் பார்ப்போம். டிசம்பர் சிங்கப்பூரில் லீவு, கம்போடியாவில் பள்ளி நடக்கும் மாதம். அங்கே அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டு ஷிப்ட். ஒரு கூட்டம் காலை 7 முதல் 11 வரை, இன்னொரு கூட்டம் மதியம் 1 முதல் 5 வரை. 9 மணிக்கு விபிஎஸ் வைத்தால் ஒன்று பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், அல்லது பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வருவார்கள். இரண்டாவது நடந்தால் பள்ளி ஆசிரியருக்கும் கிராமத் தலைவருக்கும் சபையின் மேல் வருத்தம் வரும். நீங்கள் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுவீர்கள், அந்த வருத்தத்தோடு பாஸ்டர் அங்கேயே இருக்க வேண்டும்.

ஒரே நிகழ்ச்சியை நாளுக்கு இரண்டு முறை நடத்துங்கள். மதிய ஷிப்ட் பிள்ளைகளுக்குக் காலை 8 முதல் 10 வரை, காலை ஷிப்ட் பிள்ளைகளுக்கு மதியம் 2.30 முதல் 4.30 வரை. நேரங்களை உறுதி செய்யுமுன் அந்தக் கிராமப் பள்ளியின் ஷிப்ட் மணியைப் பாஸ்டரிடம் கேளுங்கள். அந்த மாதம் நெல் அறுப்பும் நடக்கும், அதனால் 11, 12 வயதுப் பிள்ளைகள் குறையலாம். ஒரு வேளைக்கு 40 பேர் என்றால் 10 பேர் கொண்ட 4 குழு. குழுவுக்கு ஒரு உள்ளூர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், அவருக்குத் துணையாக உங்கள் ஆட்கள் இரண்டு பேர். மீதி 6 பேர் தண்ணீர், சிற்றுண்டி, முதலுதவி, வாசல்.

மொழிபெயர்ப்பு நேரத்தைத் தின்றுவிடும். 10 நிமிஷக் கதை கெமர் மொழியிலும் சொல்லப்படும்போது 20 நிமிஷம். இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரித்தால் இடிக்காது: பெயர் பதிவு 15, பாட்டு 15, கதை 20, வசனம் 10, விளையாட்டு 25, கைவேலை 25, கை கழுவிச் சிற்றுண்டி 10. புதியவர்கள் எப்போதும் கைவேலைக்கு 15 நிமிஷம் போதும் என்று நினைப்பார்கள். கத்தரிக்கோல் பிடித்தே பழகாத 5 வயதுப் பிள்ளைக்கு அது போதாது. வெட்டவேண்டியதை எல்லாம் இங்கேயே வெட்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு உறை என்று கட்டிக்கொண்டு போங்கள். 80க்கு 100 உறை. மினுக்குத்தூள் வேண்டாம், அந்த மண் முற்றத்திலிருந்து அதை யாரும் பொறுக்க முடியாது.

கதையை நீங்கள் சொல்லி ஒருவர் மொழிபெயர்ப்பதைவிட, உள்ளூர் ஆசிரியர் கெமரில் சொல்ல உங்கள் ஆட்கள் நடித்துக் காட்டுவது பல மடங்கு நல்லது. பிள்ளை பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கும். மொழிபெயர்ப்பு தவிர்க்க முடியாத இடத்தில் முழு வாக்கியமாகச் சொல்லி நிறுத்துங்கள், பாதியில் நிறுத்தினால் கெமரில் அது உருப்படாது. எழுதி வைத்த கதையை இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். மனப்பாட வசனம் எந்தக் கெமர் வேதாகமத்திலிருந்து என்று கேட்டே ஆக வேண்டும். 1954இல் வந்த பழைய மொழிபெயர்ப்பும் 1997இல் வந்த புதியதும் வார்த்தையில் மிகவும் வேறுபடும். சபையில் வாசிப்பது எதுவோ அதுதான்.

விளையாட்டுக்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை முறுக்கிய துண்டோடு சுற்றி வந்து யாராவது ஒருவர் முதுகுக்குப் பின் போட்டுவிட்டு ஓடும் ஆட்டம் அங்கே உண்டு, பெயர் லியாக் கோன்சாயெங். நம் குலை குலையா முந்திரிக்காயேதான். இதைப் பிள்ளைகள் உங்கள் வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு இருக்கும் சந்தோஷமே தனி. எண்களைப் படித்துக்கொண்டு போங்கள்: முவோய், பீ, பெய், புவான், ப்ராம். ஆறு என்பது ப்ராம் முவோய், அதாவது ஐந்தும் ஒன்றும். இந்த ஐந்தும் தெரிந்தால் ஒன்பது வரை எண்ணிவிடலாம். பத்துக்கு டோப். ஆசிரியரை லோக் க்ரூ, ஆசிரியையை நியாக் க்ரூ என்பார்கள். க்ரூ நம் குரு என்ற சொல்தான்.

குழு பிரிக்க மணிக்கட்டில் கலர் நூல் கட்டுவது நம் விபிஎஸ் வழக்கம். அங்கே செய்யாதீர்கள், சிவப்பு நூல் முக்கியமாக. பௌத்த பிக்குகள் ஆசி கூறிக் கட்டுவது அது. கலர் டேப்பில் உள்ளூர் ஆசிரியர் கெமர் எழுத்தில் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டினால் போதும்.

---

கடலோரப் பள்ளி எழுதியது:

தங்கச்சி, அநாதை இல்லத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, மனப்பாரத்தோடு சொல்கிறேன்.

கம்போடியாவில் இத்தகைய இல்லங்கள் 2005இல் 154 இருந்தன, 2010இல் 269. ஐந்து வருஷத்தில் 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து வருஷத்தில் நாட்டில் அப்படிப் பெற்றோர் யாரும் கூட்டமாக இறந்துவிடவில்லை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களும் அவர்கள் கொடுக்கும் பணமும் கூடக் கூட இல்லங்கள் கூடின. "பிள்ளையை எங்களிடம் விடுங்கள், படிக்க வைக்கிறோம்" என்று கிராமத்தில் ஏழைத் தாயிடம் கேட்டு வாங்கிவருவது வழக்கமானது. அதனால்தான் 2015இல் அரசு இல்லங்களை ஒழுங்குபடுத்தத் தனி ஆணை கொண்டுவந்தது. பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலையும் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் இயற்றியபோது இப்படி இல்லத்துக்காகப் பிள்ளை சேர்ப்பதையும் அந்தக் குற்றங்களோடு சேர்த்துப் பேசியது.

நல்ல இல்லம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு மதியம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு குழு வரும், ஒவ்வொரு குழுவும் அன்பாக இருந்துவிட்டுப் போய்விடும். முன்பின் தெரியாத ஆளின் மடியில் ஓடிவந்து உட்காரும் பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு பாசம்" என்று நம் வாலிபர் கண் கலங்குவார்கள். தன் வீட்டில் வளரும் பிள்ளை அப்படிச் செய்யாது. முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். மடியில் ஓடிவந்து உட்காருவது, யாரை நம்புவது என்று தெரியாமல் போனதன் அடையாளம்.

---

புதன்மாலை ஜெபம் எழுதியது:

அக்கா, வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிக்கல் இருக்கிறது. "அநாதைப் பிள்ளைகளுக்காக" என்று சொல்லிச் சபையில் காணிக்கை எடுத்துவிட்டோம். அந்த இல்லத்தின் பொறுப்பாளரும் வரச் சொல்லிவிட்டார். இப்போது என்ன செய்வது?

---

கடலோரப் பள்ளி எழுதியது:

பொறுப்பாளருக்கு மரியாதையாக எழுதிவிடுங்கள், வருகை இல்லை என்று. காரணத்தையும் மறைக்க வேண்டாம். கூடவே சில கேள்விகளைக் கேளுங்கள். இல்லம் சமூக நல அமைச்சில் பதிந்ததா? ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்ப விவரக் கோப்பு இருக்கிறதா? கடந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? வெளியாள் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமா? கடைசிக் கேள்விக்கு "தாராளமாக வாருங்கள்" என்று பதில் வந்தால் அதுவே போதும், அங்கே போகக்கூடாது.

காணிக்கை விஷயத்தில் சபையிடம் திரும்பப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். என்ன காரணத்துக்காகக் கொடுத்தார்களோ அதிலிருந்து மாற்ற அவர்கள் சம்மதம் வேண்டும். பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் குடும்பத்துக்கு எது கை கொடுக்குமோ அதற்குப் போகட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கிராமத்தில் யாருக்கு என்ன தேவை என்று உங்களை அழைத்த பாஸ்டருக்குத் தெரியும்: பள்ளிச் சீருடை, சைக்கிள், தகப்பன் இல்லாத வீட்டில் பாட்டியின் மருந்து. பணம் அவர் கையில் தனியாகப் போகாமல், சபை மூப்பர் இரண்டு பேர் கையெழுத்தோடு, மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு எழுதி வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். பாஸ்டருக்கும் அது பாதுகாப்பு.

---

மேலறை விளக்கு எழுதியது:

வீடு வீடாக அரிசி கொடுத்து ஜெபிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே, அது சட்டத்தோடு மோதுகிறது. கம்போடிய அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு மத சுதந்திரம் தருகிறது, அதே பிரிவு பௌத்தத்தை அரச மதம் என்றும் சொல்கிறது. மத விவகார அமைச்சு 2003இல் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதைத் தடை செய்தது, 2007இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்வதும் கூடாது, பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிப்பதும் கூடாது. அரிசி மூட்டையோடு போய் ஜெபிக்கும்போது உங்கள் உள்ளம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அது இந்த இரண்டும்தான். கேள்வி கேட்கப்படப் போவது சபை.

சபையார் தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள், ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். அதில் ஒரு தடையும் இல்லை. ஆனால் தலையில் கை வைத்து ஜெபிக்காதீர்கள். தலை அங்கே மிகவும் புனிதமானது, பிள்ளையின் தலையைத் தடவுவதுகூட அவமரியாதையாகப் படும். நம் சபைகளில் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது கை தானாகத் தலைக்குப் போகும், அதனால் இதைப் பயிற்சியில் நாலு முறை செய்து காட்ட வேண்டும். கை கூப்பி ஜெபியுங்கள். காலை நீட்டி உட்கார வேண்டாம், பாதம் யாரையும் பார்க்கக் கூடாது. மடக்கி ஒருபுறமாக வைத்து உட்காருவார்கள், அப்படியே செய்யுங்கள்.

கிராமத் தலைவரை, அவர்கள் மே பூம் என்பார்கள், பாஸ்டர் முன்கூட்டியே பார்த்து, எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன நிகழ்ச்சி என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் எங்கே தங்குகிறார்கள் என்பது காவல் துறையில் பதிவாக வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் என்றால் அவர்களே பதிவார்கள். சபைக் கட்டடத்தில் பாய் போட்டுப் படுப்பது என்றால் பாஸ்டர் பதிய வேண்டும், இது அடிக்கடி மறந்துபோகும்.

இப்போது பிள்ளைகள் பாதுகாப்பு. 14 பேரும் எழுதிக் கையெழுத்திட வேண்டியவை:

ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு மறைவான இடத்தில் இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அல்லது எல்லோர் கண்ணிலும் படும் இடம். கழிப்பறைக்குச் சிறு பிள்ளையை உள்ளூர் ஆசிரியைதான் அழைத்துப் போவார். உங்கள் ஆட்கள் யாரும் போக வேண்டாம், கை நிறைய வேலை இருந்தாலும்.

தூக்குவது, மடியில் வைப்பது, முதுகில் சவாரி, மூன்றும் இல்லை. பிள்ளை கை பிடித்தால் பிடித்துக்கொள்ளலாம். அழும் பிள்ளையை அதன் அக்காவிடமோ ஆசிரியையிடமோ சேர்ப்பதுதான் ஆறுதல்.

போட்டோவுக்கு ஒரே ஒருவர், ஒரே ஒரு கேமரா. மற்றவர்களின் போன் காலையிலேயே பெட்டிக்குள். பாஸ்டர் மூலமாகப் பெற்றோர் சம்மதித்த படங்கள் மட்டும், அதிலும் பெயர், ஊர், பள்ளிச் சின்னம் தெரியக் கூடாது, அரைகுறை உடையில் இருக்கும் பிள்ளை படம் எடுக்கவே கூடாது. ஊர் திரும்பிய பிறகு ஒரு பெரியவர் பார்த்துத்தான் வெளியிட வேண்டும்.

பிள்ளைகளோடு பேஸ்புக், டெலிகிராம் எண் பரிமாற்றம் இல்லை. அங்கே 11, 12 வயதிலேயே பலர் கையில் போன் இருக்கும், கேட்பார்கள். "சபையின் பக்கத்தில் பேசலாம்" என்று சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை தனக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று சொன்னால், துருவிக் கேள்வி கேட்காதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி அன்றைக்கே குழுவின் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவரும் சபையும் சேர்ந்து அடுத்ததைச் செய்வார்கள். யார் அந்தப் பொறுப்பாளர் என்பதைக் கிளம்புமுன்பே பெயர் சொல்லி வையுங்கள். குற்றம் சாட்டப்படுகிறவர் சபைக்குள்ளேயே இருக்கலாம் என்பதால் இரண்டாவது பெயரும் வேண்டும், ஒருவர் ஆண் ஒருவர் பெண்.

18க்குக் கீழே உள்ள மூன்று பேரும் இந்தக் கணக்கில் பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், மருத்துவத்துக்குச் சம்மதக் கடிதம், 21 வயதுக்கு மேற்பட்ட ஒரு அண்ணன் அல்லது அக்கா பொறுப்பு.

கடைசியாக ஒன்று. "யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கை தூக்குங்கள்" என்று 40 பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். தூரத்திலிருந்து வந்த விருந்தாளி கேட்டால் 40 கையும் எழும், பிள்ளைகளின் மரியாதை அது. அதை எண்ணி ரிப்போர்ட்டில் எழுதினால் அது சத்தியம் ஆகாது. கேள்வி கேட்கிற பிள்ளையை உள்ளூர் ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள், அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான்.

---

பனங்காட்டு வழி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் வெறுங்கையோடு பிள்ளைகள் முன்னால் நிற்பதா? விருந்துக்குப் போனால் பழமாவது வாங்கிப் போவது நம் பழக்கம். நோட்டும் பென்சிலும் கொடுப்பதில் என்ன தவறு என்று எனக்குப் படவில்லை.

---

ஆலமர நிழல் எழுதியது:

பிரதர், கொடுப்பதில் தவறு இல்லை. யார் கையிலிருந்து, எதற்காக, எத்தனை பேருக்கு என்பதில்தான் தவறுகள். 80 பை கட்டிக்கொண்டு போவீர்கள். கடைசி நாள் பை இருக்கிறது என்று கேள்விப்பட்டு 130 பிள்ளைகள் வருவார்கள், இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. 50 பிள்ளைகள் அழுதுகொண்டு போவதோடு நான்கு நாள் ஊழியம் முடியும். டிஷர்ட் அளவும் பாதிப் பேருக்குப் பொருந்தாது. கொம்போங் தோம் சந்தையில் நோட்டும் பென்சிலும் கிடைக்கும், பெட்டியில் சுமந்துபோனால் அங்கே கடை வைத்திருப்பவருக்கும் லாபம் இல்லை.

ஆளுக்கொன்று கொடுப்பதற்குப் பதில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சபையில் வைத்துவிட்டு வாருங்கள். கால்பந்து இரண்டு, நல்ல கயிறு, ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு வருஷத்துக்கான கெமர் பாடப் படிகள். அல்லது மண்பானைத் தண்ணீர் வடிகட்டி. களிமண்ணில் நெல் உமி கலந்து சுடுவார்கள், உமி எரிந்துபோன இடமெல்லாம் நுண்துளை. அதில் வெள்ளிக் கரைசல் பூசியிருக்கும். நாட்டிலேயே செய்து விற்பது. மணிக்கு 2 லிட்டர் அளவில்தான் இறங்கும், அதனால் முந்தின இரவே ஊற்றி வைக்க வேண்டும். 40 பிள்ளைகளுக்கு இரண்டு பானை. வேகம் குறைந்தால் மென்மையான பிரஷ்ஷால் உள்புறம் தேய்க்க வேண்டும், சோப்பு போடக்கூடாது. இரண்டு மூன்று வருஷத்தில் பானையை மாற்ற வேண்டும், அதற்கான பணத்தையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் உடைந்த பானை மூலையில் கிடக்கும். கிருமியைத்தான் இது பிடிக்கும், ஆழ்குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய ஆர்சனிக்கைப் பிடிக்காது. மழைத் தண்ணீருக்கோ சோதித்த கிணற்றுத் தண்ணீருக்கோதான் வைக்க வேண்டும்.

எதைக் கொடுத்தாலும் உள்ளூர் ஆசிரியர் கையால், நீங்கள் போன பிறகு.

---

பனங்காட்டு வழி எழுதியது:

இரண்டு வயதுத் தம்பியை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிற்றுண்டியை மட்டும் விடாதீர்கள்.

---

நாலு மணி டீ எழுதியது:

சிற்றுண்டியிலிருந்தே தொடங்குகிறேன், நான் உடல்நலப் பகுதியை எழுதுகிறேன். வாழைப்பழமும் பிரெட்டும் போதும். கடலை வேண்டாம், ஒவ்வாமை இருக்கிறதா என்று அங்கே யாரிடமும் எழுதி வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் கஞ்சி போடலாம், போபோர் என்பார்கள். பிள்ளைக்கு 50 கிராம் அரிசி, 80 பேருக்கு 4 கிலோ, கூடவே வரும் சின்னதுகளுக்கு இன்னும் ஒரு கிலோ. சமையல் சபைத் தாய்மாரிடம் விடுங்கள், கூலியும் சாமான் பணமும் முன்னாடியே கொடுத்துவிட்டு. குழாய் வைத்த வாளி இரண்டு, சோப்பு நான்கு. வரிசை கை கழுவும் இடத்தில்தான் தேங்கும், அதனால் வாளியை ஒன்றாக வைக்காமல் முற்றத்தின் இரண்டு முனையிலும் வையுங்கள்.

குடிக்க 20 லிட்டர் கேன். 14 பேருக்கு ஆளுக்கு 3 லிட்டர் என்று 42 லிட்டர், பிள்ளைகளுக்குக் கால் லிட்டர் வீதம் 20. நாளுக்கு 4 கேன் சொல்லி வையுங்கள்.

10 வாரம் இருப்பது நல்லது. இந்த வாரமே பயணத் தடுப்பூசி டாக்டரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் பூஸ்டர். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியையும் கேளுங்கள், 0ஆம் நாளும் 7ஆம் நாளும். கிராமத்தில் நாய்கள் சபை முற்றத்திலேயே திரியும், பிள்ளைகள் பின்னாலேயே வரும். கடித்தாலோ நகம் பட்டு ரத்தம் வந்தாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருந்து. புனோம் பென்னில் பாஸ்ச்சர் இன்ஸ்டிடியூட் (Institut Pasteur) இருக்கிறது, பட்டம்பாங்கிலும் கொம்போங் சாமிலும் அதன் நாய்க்கடி மையங்கள் இருக்கின்றன. முன்பே ஊசி போட்டவர்களுக்கும் பிறகு இரண்டு டோஸ் வேண்டும், "எனக்கு ஏற்கெனவே போட்டாச்சு" என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. "நிகழ்ச்சி முடியட்டும்" என்று தள்ளுவதும் அப்படித்தான். ஒரு பிள்ளையை நாய் கடித்தாலும் இதே அவசரம், செலவு குழுவினுடையது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

டிசம்பரில் மழை இல்லை, டெங்கு குறையும், ஆனால் இல்லாமல் போகாது. அந்தக் கொசு பகலில் கடிக்கும், அதனால் கொசு மருந்து காலையிலேயே பூச வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோபன், ஆஸ்பிரின் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் 40, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று. தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சமமாக அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிப்போனால் தீமை செய்யும், அதனால் அளவு ஸ்பூன் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், பூச்சி மாத்திரைகூட. எப்போது கடைசியாகச் சாப்பிட்டார்கள், எடை என்ன என்று தெரியாது. காயத்துக்கு உப்புநீரும் பிளாஸ்டரும், அதற்கு மேல் எதுவானாலும் பக்கத்துச் சுகாதார நிலையம்.

பயணம் பற்றி. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா தேவையில்லை. வேறு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குழுவில் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையை இறங்குவதற்கு 7 நாளுக்குள் நிரப்ப வேண்டும், அது இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. டிக்கெட் புனோம் பென்னுக்கா சியெம் ரியெப்புக்கா? 2025 செப்டம்பரிலிருந்து புனோம் பென்னுக்கான விமானங்கள் நகரத்துக்குத் தெற்கே கண்டால் மாகாணத்தில் உள்ள டெச்சோ நிலையத்தில் இறங்குகின்றன. நீங்கள் போக வேண்டியது வடக்கே, நகரத்தைத் தாண்டி இன்னும் 165 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலையும் சேர்த்து 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சியெம் ரியெப்பின் புதிய நிலையம் நகரத்துக்குக் கிழக்கே, கொம்போங் தோம் போகும் 6ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது, அங்கிருந்து பாதி நேரம்தான். எதுவானாலும் இருட்டிய பிறகு அந்த நெடுஞ்சாலையில் போகாதீர்கள், விளக்கில்லாத உழவு வண்டிகள் வரும். மாலையில் இறங்கினால் அன்று இரவு நகரத்திலேயே தங்குங்கள்.

டாலர் கொண்டுபோனால் கிழிசலோ பேனாக் கறையோ இல்லாத தாள்களாக எடுங்கள், கடைக்காரர் வாங்க மாட்டார். 1, 2, 5 டாலர் தாள்களை அங்கே குறைத்துக்கொண்டு வருகிறார்கள், கிராமத்தில் ரியெல்தான் வசதி. ஒரு டாலருக்கு 4,000 ரியெல் அளவில் கணக்கு வையுங்கள். தாய்லாந்து எல்லையில் 2025இல் சண்டை நடந்தது. கொம்போங் தோம் எல்லை மாகாணம் அல்ல, ஆனாலும் கிளம்பும் வாரம் வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பாருங்கள், 14 பேரும் அதில் பயணத்தைப் பதிந்துவிடுங்கள். கண்ணிவெடி இருக்கலாம் என்பதால், நடக்கும்போது மிதித்துத் தேய்ந்த பாதையை விட்டு வயலிலோ புதரிலோ இறங்க வேண்டாம். பந்து அங்கே போனாலும் உள்ளூர்ப் பிள்ளைகள் எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பாஸ்டரைக் கேட்டுத்தான்.

---

புதன்மாலை ஜெபம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் புனோம் பென்னுக்குத்தான், மாலை 5 மணிக்கு இறங்குகிறோம், அதனால் முதல் இரவு நகரத்தில். இல்லத்துக்குப் போவதில்லை, பைகள் இல்லை, வீடு வீடாகப் போவதும் இல்லை. திங்கள் மதிய வேளையில் தொடங்கி, அதன்பின் இரண்டு வேளை நிகழ்ச்சி. ஒரு மதியம் நாங்களும் உள்ளூர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் உட்கார்ந்து அடுத்த மூன்று மாதப் பாடங்களுக்குப் படங்கள் வரையலாம் என்று பாஸ்டரிடம் கேட்டேன், சந்தோஷப்பட்டார். ஆசிரியர்கள் மொத்தம் ஐந்து பேர், இரண்டு பேருக்கு 19 வயதுதான். கடைசி நாள் பிள்ளைகளிடம் எப்படி விடைபெறுவது என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வாலிபர் கட்டாயம் அழுவார்கள்.

---

கடலோரப் பள்ளி எழுதியது:

முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரியட்டும்: வியாழன் வரை இருப்போம், வெள்ளி காலை போவோம். தினமும் வசனம் சொல்லும்போது "இன்னும் மூணு நாள், இன்னும் ரெண்டு நாள்" என்று விரல் காட்டிச் சொல்லுங்கள், அந்தக் கெமர் எண்கள் இங்கே உதவும். வியாழக்கிழமை வழக்கமான நிகழ்ச்சியே நடக்கட்டும், தனி விடைபெறும் விழா வேண்டாம். கடைசிப் பத்து நிமிஷம் அந்த ஐந்து ஆசிரியர்களும் முன்னால் நிற்க, பிள்ளைகள் அவர்களுக்குப் பாடட்டும். உங்கள் ஆட்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கைதட்டட்டும். ஞாயிறு எத்தனை மணிக்கு ஓய்வுநாள் பள்ளி என்று ஆசிரியர் சொல்லி முடிக்கட்டும்.

"அடுத்த வருஷம் வருவேன்" என்று 14 பேரில் ஒருவரும் சொல்லக் கூடாது. வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை அதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை கூப்பி "ஓகுன்", நன்றி. அழுகை வந்தால் வேனில் ஏறிய பிறகு அழட்டும்.